பாஸ்டர் சொன்ன கிரீடம்

மாமனாரின் கழுத்துச் சுருக்கத்தில் பதுங்கிய மருவைச் சுற்றி, மருமகள் சவரக்கத்தியால் மெல்ல மெல்ல வழிக்கிறாள். சன்னல் வெயில் கத்தி முனையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. கட்டிலின் கால்மாட்டில் வேதாகமத்தை மூடிய பாஸ்டர், "ஏழு வருஷமா படுக்கையில வெச்சுப் பாக்குறியேம்மா, பரலோகத்துல உனக்குன்னு ஒரு கிரீடம் இருக்கு" என்கிறார். "ஓ, அதுக்காகத்தான் செய்யறாளா?" என்று மாமனார் நுரைக்குள்ளிருந்து கேட்கிறார். துடிக்கிற நரம்பின் மேல் கத்தி அப்படியே நிற்கிறது. "ஆமா மாமா" என்கிறாள், கத்தியை எடுக்காமல். "நான் செய்யறத ஆண்டவராவது பாக்குறாரே. இந்த வீட்டுல யாரு வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னீங்க?" மாமனார் அவளையே பார்க்கிறார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தாடையை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறார்.