மூன்று சலீபா வீடுகள்

கோசோ தீவின் கோயில் அலுவலகத்தில் நென்சு சலீபா தொப்பியைக் கசக்கியபடி நின்றிருந்தார். மகள் கட்டிக்கொள்ளப் போகும் மெல்போர்ன் பையனும் ஒரு சலீபா. அவன் தாத்தா இதே ஊரிலிருந்து கப்பலேறியவர்.

“ரெண்டு பேருக்கும் ரத்த உறவு இருக்கா சாமி?”

“நெருங்குன உறவுன்னா கல்யாணம் நடக்காது. இரு, பார்க்கிறேன்” என்று பங்குச் சாமியார் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினார்.

“நல்லாப் பாருங்க சாமி. மூணு நாளாத் தூக்கமே இல்ல.”

“ஏன்யா இப்படி நடுங்குற? பையனோட வம்சம் சிசிலியிலிருந்து வந்த மீனவங்க. உன் முப்பாட்டன், சிலுவையடியில யாரோ போட்டுட்டுப் போன குழந்தை. அதனாலதான் சலீபான்னு பேர் வச்சிருக்காங்க; நம்ம பாஷையில சலீபான்னா சிலுவைதானே. ஒரு சொட்டு உறவு கிடையாது.”

நென்சு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னொரு தடவை பாருங்களேன். அம்மா வழியில ஏதாவது?”

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். “உறவு இல்லைன்னு சொல்றேன். சந்தோஷப்படாம முழிக்கிற?”

“மெல்போர்ன்ல நாப்பது சலீபா வீடு இருக்காம் சாமி. டெட்ராய்ட்ல பதினஞ்சு. நம்ம ஊர்ல மூணுதான். என் வீட்ல எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். உறவுன்னு நீங்க சொல்லியிருந்தா, கப்பலேறாம இங்கேயே இருந்திருப்பா.”

சாமியார் பதிவேட்டை மெல்ல மூடினார்.

வாசலில் காத்திருந்த மகள் மர்தீஸ் ஓடிவந்தாள். “என்னப்பா சொன்னாரு?”

நென்சு தொப்பியை மாட்டிக்கொண்டார்.

“தடை ஒண்ணுமில்லம்மா. உனக்குப் பேர்கூட மாறாது. ஊர்தான் மாறும்.”