ஜப்பான் பெட்டி

"இது ஜப்பான் இல்ல சார். பெட்டி மட்டும்தான் ஜப்பான்."

குரு இப்படிச் சொன்னதும், எதிரே நின்ற பெரியவர் பிரேக் பேடை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் சட்டை முழுக்க கிரீஸ். அவருடைய பழைய கார் வாசலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"மேட் இன் ஜப்பான்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குதேப்பா?"

"ஸ்டிக்கர் அடிக்க எவ்ளோ நேரம் ஆவும் சார்? எங்க செஞ்சதுன்னு எனக்கே தெரியாது. இத்த மாட்டினீங்கன்னா மூணு மாசத்துல தேஞ்சிடும்."

"அப்ப நல்லதா ஒண்ணு குடு."

"உங்க வண்டிக்கு நல்லது என்கிட்ட இல்ல. எதிர்க்கடையில இருக்குது, அங்க வாங்கிக்குங்க."

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தன் கடைச் சரக்கைத் தானே திட்டுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே சாலையைக் கடந்தார்.

குரு பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தான். அவனுடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அதிகம் விற்பதே அந்த ஜப்பான் பெட்டிகள்தான். நேற்று வரை அவற்றைப் புகழ்ந்து தள்ளியவனும் அவன்தான். ஆனால், இன்று வேறு வழியில்லை.

காலையில் தட்டில் இட்லியை வைக்கும்போதே அம்மா தையல்நாயகி சொல்லிவிட்டாள்.

"பொண்ணு வீட்டுக்காரங்க இன்னிக்கு உன் கடைக்கு ஒரு ஆளை அனுப்பறாங்களாம்டா. சாமான் வாங்க வர மாதிரி வந்து உன்னை நோட்டம் பாப்பாங்க. ஆம்பளையா, பொம்பளையான்னுகூடத் தெரியாது. பொய் பேசறவனுக்குப் பொண்ணு கிடையாதுன்னு கறாரா சொல்லிட்டாங்க."

குருவுக்கு முப்பத்து மூன்று வயது. இதுவரை ஏழு ஜாதகங்கள் போய், ஏழும் போன வேகத்தில் திரும்பி வந்திருந்தன. எட்டாவதையும் கோட்டை விட அவன் தயாராக இல்லை. ஆகவே, கடை வாசலில் கால் வைத்த ஒவ்வொருவரும் அவனுக்கு மாமனார் வீட்டு ஆளாகவே தெரிந்தார்.

ஆட்டோக்காரர் ஒருவர் கிளட்ச் பிளேட் கேட்டார். எடுத்துக் கொடுத்ததும் முகம் சுளித்தார்.

"சைனாவா? வேணாம்பா."

"சைனாலயும் ஒழுங்கா செய்யறவன் இருக்கான்ணா. இது அந்த மாதிரி கம்பெனி. நம்பி மாட்டுங்க."

"சரி, ஹெட்லைட்டாவது ஜெர்மனிது குடு."

"கம்பெனி ஜெர்மனிதான்ணா. ஆனா செய்யறது நம்ம ஒரகடத்துல. தெனம் காலைல நம்ம ஊர்லேர்ந்து அங்க கம்பெனி பஸ்ல வேலைக்குப் போறாங்களே, அவங்க செஞ்சது. அமெரிக்காவுக்குப் போற அதே சரக்கு."

"இன்னாபா, இன்னிக்கு உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார் ஆட்டோக்காரர்.

பதினொரு மணிக்கு ஒரு பெண்மணி வந்தாள். கிளிப்பச்சைப் புடவை, கையில் தோல் பை. சாமான் எதையும் கேட்கவில்லை.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

ஆள் வந்தாயிற்று. குரு தானே ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரவைத்தான்.

"இன்னும் இல்லீங்க."

"தண்ணி, சிகரெட்டு?"

"ரெண்டும் கிடையாதுங்க. டீ மட்டும். அதுவும் சக்கரை கம்மி."

"பரம்பரையா ஏதாவது வியாதி?"

"அப்பாவுக்கு லேசா பிரஷர் இருந்துச்சு. எனக்கு நெல்லிக்காய் ஊறுகாய் ஒத்துக்காது. வேற ஒண்ணும் இல்லீங்க."

"ரொம்ப சந்தோஷம்" என்று அந்தப் பெண்மணி பையைத் திறந்து ஒரு படிவத்தை நீட்டினாள். "அப்ப இருபது வருஷ பாலிசியாவே எடுத்துடலாம். இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

அவளை ஒருவழியாக அனுப்பி வைப்பதற்குள் நான்கு ஆட்டோக்கள் வாசலில் வந்து நின்றன. கிளட்ச் பிளேட் வாங்கிப் போன ஆட்டோக்காரர் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார், "குரு இன்னிக்கு உண்மை பேசறான், மனசு மாறறதுக்குள்ள போங்கடா" என்று. பொழுது சாய்ந்தபோது ஜப்பான் பெட்டிகள் அப்படியே இருந்தன. நல்ல சரக்கு இருந்த அலமாரி துடைத்துவிட்டது போலக் காலி. கடை வைத்த நாளிலிருந்து இப்படி ஒரு வியாபாரத்தை அவன் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே கேட்டான். "யாரும்மா அந்த ஆளு? காலேஜ் வாத்தியார் மாதிரி கண்ணாடி போட்டுக்கினு ஒருத்தர் வந்தாரே, அவரா?"

வீட்டுத் தறியில் புடவை முந்தானை நெய்துகொண்டிருந்த தையல்நாயகி, நூல் ஓட்டும் நாடாவை நிறுத்தினாள். அடக்கி வைத்திருந்த சிரிப்பு பீறிட்டது.

"ஆளும் இல்ல, பொண்ணு வீடும் இல்லடா. நான்தான் சும்மா சொன்னேன்."

"அம்மா..."

"என் ஸ்கூட்டிக்கு ஜப்பான்னு ஒரு பிரேக் ஷூ மாட்டினியே, மூணே மாசத்துல தேஞ்சு போச்சு. கச்சபேஸ்வரர் கோயிலண்ட ஒரு மாட்டு மேலயே போய் இடிச்சேன். இந்தக் குப்பையை விக்காதடான்னா நீ கேக்கவா போற? கல்யாணம்னா கேப்பன்னு தெரியும்."

குரு தொப்பென்று தரையில் உட்கார்ந்தான். "அப்ப, எட்டாவது ஜாதகம்?"

"நான் யாருக்குமே அனுப்பலையே." தையல்நாயகி தறியைவிட்டு எழுந்து வந்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு கவரை அவன் மடியில் போட்டாள். "ஆனா, நாலு மணிக்கு ஒருத்தர் உன்னைப் பத்தி விசாரிச்சு, வீடு தேடிக்கினு வந்து அவரு பொண்ணு ஜாதகத்தைக் குடுத்துட்டுப் போனாருடா. பேரு கலியாணசுந்தரம், பிள்ளையார்பாளையத்துல தறி வெச்சிருக்காரு, நம்ம ஜனம்தான். காலைல பிரேக் பேடு வாங்க வந்தவரை எதிர்க்கடைக்குத் துரத்துனியாமே?"