வரும்போது கேட்க வேண்டும்

"பத்தலண்ணே" என்றாள் அந்தப் பெண், இரண்டாவது தடவையாக.

அவளுடைய வீட்டுக்காரர் அப்போதுதான் தெருமுனையிலிருந்து வண்டியை ஓட்டிவந்து பட்டறை வாசலில் நிறுத்தியிருந்தார்.

ஓட்டைக்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டே கையுறையைத் தேடினார். நல்ல சைலன்சரை அறுத்து ஓட்டை போடுவதுதான் பிழைப்பு என்பதால் அவருக்கு அந்தப் பெயர். கம்பெனி பொருத்தி அனுப்புகிற சைலன்சருக்குள் தடுப்புத் தகடுகள் இருக்கும். சத்தத்தை அங்கங்கே நிறுத்தி விசாரித்துத்தான் வெளியே விடும். வாலை அறுத்து, தகட்டைத் துளைத்து, வாலை மறுபடி ஒட்டிவிட்டால் வண்டியின் கீச்சுக் குரல் உடைந்து கட்டைக் குரல் வந்துவிடும்.

இந்த வேலைக்கு ஆண்கள்தான் வருவார்கள். பெண்டாட்டிமார் வருவது ஒரு வாரம் கழித்து, சண்டைக்கு. தூங்குகிற குழந்தை எழுந்துவிடுகிறது, பழையபடி ஆக்கிக் கொடு என்பார்கள். வீட்டுக்காரர் வண்டிக்குச் சத்தம் கூட்டச் சொல்லி அவர் முன்னால் நின்ற முதல் பெண் இவள்தான். கல்யாண நாள் பரிசாம்.

கொடுத்து வைத்தவர் சார் நீங்கள் என்று ஓட்டைக்காரர் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். அந்த மனிதரும் வாய்விட்டுச் சிரித்தார். கலகலப்பான ஆள். பட்டறையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். தனக்கு இதிலெல்லாம் பெரிய ஆசை இல்லை, இவள்தான் ஒரு மாதமாகப் பிடித்த பிடியில் நிற்கிறாள் என்றார்.

ஆசைப்பட்டவள் முகத்தில் மட்டும் சந்தோஷத்தைக் காணோம். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் கேட்டதும் புது மாதிரியாக இருந்தது. மற்றவர்களுக்கு வண்டி போகும்போது ஊர் திரும்பிப் பார்க்க வேண்டும். சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்த்து இருப்பதால் அது சுலபம். இவளோ, வரும்போது கேட்க வேண்டும் என்றாள். தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் கேட்க வேண்டும். முறுக்கிக்கொண்டு வந்தால் மட்டும் போதாது, மெதுவாக வந்தாலும் கேட்க வேண்டும்.

அதற்காக வாலைச் சற்றுத் திருப்பி, வாய் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி வைத்தார். கழற்ற வேண்டிவரலாம் என்று நாலு பொட்டு வெல்டிங் மட்டும் வைத்தார். நினைத்த மாதிரியே கழற்றத்தான் வேண்டியிருந்தது.

முதல் ஓட்டத்தின்போது அவள் பட்டறையின் உள்மூலைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தார். கிட்டே போனால், எண்ணிக்கொண்டிருக்கிறாள். சத்தம் காதில் விழுந்ததிலிருந்து வண்டி வாசலுக்கு வரும்வரை பதினொன்று. இரண்டாவது ஓட்டத்தில் பத்தொன்பது.

முப்பது வர வேண்டுமாம்.

இதற்கு மேல் துளைத்தால் வண்டி இழுக்காது, போலீஸ் பிடித்தால் என் பெயரைச் சொல்லாதீர்கள் என்று ஓட்டைக்காரர் சொல்லிப் பார்த்தார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு சைலன்சருக்காகக் கும்பிடு வாங்குவது அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. மறுபடி கிரைண்டரை எடுத்தார்.

இந்த முறை மிச்சமிருந்த தகட்டையும் விடவில்லை. வீட்டுக்காரர் உற்சாகமாக வண்டியை எடுத்துக்கொண்டு முனைக்கு அப்பால் போனார். அவள் மூலைக்குப் போனாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தூரத்தில் அந்தக் கட்டைக் குரல் எழுந்தது. அவள் ஒன்று என்றாள்.

இருபதைத் தாண்டியதும் ஓட்டைக்காரருக்கே ஆவல் பிடித்துக்கொண்டது. அவரும் கூடவே எண்ணினார். முப்பது வந்தபோது வண்டி இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. முப்பத்துநாலில் வாசலுக்கு வந்தது. வீட்டுக்காரர் இறங்கவில்லை. இன்னொரு ரவுண்டு என்று கையைக் காட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பிப் போனார்.

அவள் மூச்சை விட்டாள். வந்ததிலிருந்து அப்போதுதான் விட்டாள் போலிருந்தது.

ஓட்டைக்காரருக்கும் வேலை திருப்தியாக வந்ததில் மனசு லேசாகியிருந்தது. முப்பது எண்ணுவதற்குள் அப்படி என்னம்மா செய்யப் போகிறாய், டீ போட்டு ஆற்றி வைக்கவா என்று கிண்டலாகக் கேட்டார்.

அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பெரியவளுக்கு ஒம்பது வயசுண்ணே. தம்பியைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போய்த் தாப்பா போட முப்பது ஆகுது. போன வாரம் பூரா ஓட விட்டுப் பாத்தேன். அதுக்குக் கீழ குறையல. இவர் கை நீட்டாம உள்ள வர்ற நாளே இல்ல. இவ்வளவு நாளா வாசல்ல வந்து நின்னப்புறம்தான் எங்களுக்குத் தெரியும்."

ஓட்டைக்காரருக்கு, காலையிலிருந்து அந்த மனிதரோடு சேர்ந்து சிரித்த சிரிப்பெல்லாம் அசிங்கமாக இருந்தது. பிள்ளைகள் மேலே போய்விட்டால் அப்புறம் நீ எங்கேம்மா போவாய் என்று கேட்டார்.

தெருமுனையில் மறுபடி சத்தம் எழுந்தது. அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"நான்தானேண்ணே கதவைத் திறக்கணும்."