தேர்தல் முடியட்டும்

“இந்தத் தடவை எந்தத் தேர்தலைச் சொல்லப் போறீங்க, மாமா?”

உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டாள். குடும்ப வக்கீல் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, எதிர் நாற்காலியைக் காட்டினார்.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. பின்னே, வராதா? விவாகரத்து வேண்டும் என்று அவள் இந்த அறைக்கு முதன்முதலில் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அப்போது அப்பா கட்சித் தலைவர். “நாடாளுமன்றத் தேர்தல் முடியட்டும் பாப்பா” என்றார். அது முடிந்த சூட்டோடு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அப்பா போய்ச் சேர்ந்தார், அண்ணன் தலைவரானான். “தங்கச்சி வாழாவெட்டியா நின்னா, நான் எந்த முகத்தோட ஓட்டுக் கேக்கறது?” என்றான். ஒரு தடவை கூட்டுறவுச் சங்கத் தேர்தலுக்காகக்கூட அவளுடைய விவாகரத்து தள்ளிப் போனது. வெளியில் சொன்னால் யாராவது நம்புவார்களா?

புருஷன் அதே கட்சியின் எம்.பி. மேடையில் மட்டும்தான் இருவரும் தம்பதி. கீழே இறங்கினால் ஆளுக்கொரு கார், ஆளுக்கொரு வீடு. கல்யாணமான இரண்டாம் வருஷம் அவன் கன்னத்தில் விட்ட ஓர் அறையில் அவளுக்கு இடது காது கேட்காமல் போனது. அதே காதில்தான் மேடையில் ஏதாவது கிசுகிசுப்பான். கேட்ட மாதிரி அவளும் சிரித்து வைப்பாள். பத்திரிகைக்காரர்களுக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும்.

“காலையிலேர்ந்து போனை அணைச்சு வச்சிருக்கேன். அண்ணன் தடுப்பான்னு தெரியும். டிரைவர்கிட்டகூடச் சொல்லாம பஸ்ல வந்தேன். ஒரு அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்து, கடைசி வரைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. தலைவர் பொண்ணுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க போல.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கமாக ‘அவசரப்படாதே, ஆற அமர யோசி’ என்று ஆரம்பிக்கிற மனுஷன். இன்று இழுப்பறையைத் திறந்து மனுவை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“கையெழுத்துப் போட வேண்டிய இடத்தையெல்லாம் பென்சில்ல குறிச்சிருக்கேன்.”

மல்லுக்கட்டுவதற்குத் தயாராக வந்தவள் திகைத்துப் போனாள். “நிஜமாவா? அண்ணன் உங்களைச் சும்மா விடுவானா?”

“அதை நான் பாத்துக்கறேன். நீ போடு.”

மேஜைமேல் இருந்த போன் அலறியது. அவர் அதை எடுக்கவில்லை, ஒயரையே பிடுங்கிவிட்டார். இந்தக் கிழவருக்கு இன்று என்னதான் ஆயிற்று என்று நினைத்தபடியே ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டாள். ஏழு பக்கம்.

“ஒரு பள்ளிக்கூட லைப்ரரில வேலை கிடைச்சிருக்கு மாமா. நான் யாரு, யார் பொண்ணு, யார் பொண்டாட்டின்னு ஒண்ணுமே கேக்கலை அந்த டீச்சரம்மா. திங்கட்கிழமை வர முடியுமான்னு மட்டும் கேட்டாங்க. ஒரு ரூமும் பாத்துட்டேன். சின்ன ரூம்தான். கட்டில் போட்டா நடக்க இடமில்லை. ஆனா பூட்டும் என்னுது, சாவியும் என்னுது.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மனசாரச் சிரித்து எத்தனை காலமோ, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார்.

“என்ன மாமா பேசவே மாட்டேங்கறீங்க? எனக்காகக் கொஞ்சம் சந்தோஷப்படக் கூடாதா?”

“நீ பேசு பாப்பா. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

பேசினாள். ரூமுக்கு எந்த நிறத்தில் திரை வாங்குவது, காது டாக்டரிடம் எப்போது போவது என்று சின்னப் பிள்ளை மாதிரி பேசிக்கொண்டே இருந்தாள். கீழே தெருவில் வரிசையாகக் கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“மோப்பம் பிடிச்சு வந்துட்டான் அண்ணன். வரட்டும். இனிமே அவனால ஒண்ணும் பண்ண முடியாது” என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வக்கீல் மேஜையைச் சுற்றி வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“உன் புருஷன் காலையில அஞ்சு மணிக்கு மாரடைப்புல போயிட்டாரும்மா. இடைத்தேர்தல்ல அவரோட சம்சாரம்தான் நிக்கணும்னு கட்சியில அப்பவே முடிவு பண்ணிட்டாங்க. ஒரு அரைமணி நேரமாவது நீ அவர் பொண்டாட்டியா இல்லாம இருக்கட்டுமேன்னுதான், நான் வாயைத் திறக்கலை.”