கிழிந்த பாய்

பாறை இடுக்கு வழியாக அந்தப் படகு உள்ளே திரும்பியபோது, லோசலினி மணலில் உட்கார்ந்து சுட்ட ஈரப்பலாக்காயைத் தின்றுகொண்டிருந்தாள்.

முன்பக்கம் நீலம் பூசிய படகு. அண்ணன் சேமிசியுடையது.

கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் அவளுக்கு முகம் சூடேறியது.

டோங்காவின் வவாவுத் தீவுகளில் கடைசித் தீவு. அதிலும் கடல் ஏறியிருக்கும்போது மட்டும் வழிவிடுகிற கரை. மூன்று நாட்களாக இங்கே தனியாக இருக்கிறாள். இறக்கிவிட்ட மீனவன், இங்குள்ள நண்டுகளும் உன்னை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தால் எங்கே போவாய் என்று சிரித்துவிட்டுத் தூரக் கடலுக்குப் போய்விட்டான்.

அவள் வந்ததே அதற்குத்தான். கல்யாணமோ சாவோ, அண்ணன் வீட்டில் எதுவானாலும் அத்தைதான் முன்னால் போய் உட்கார வேண்டும். முதல் தட்டு அவளுக்கு. அவளுக்கு மேல் அங்கே யாருமில்லை. மூன்று நாள் யாருக்கும் அத்தையாக இல்லாமல் இருந்து பார்க்க ஆசைப்பட்டாள்.

பெரிய தீவுக்குப் போகும் கப்பலுக்குச் சீட்டு வாங்கியிருந்தாள்தான். துறையில் ஒரு பிள்ளைத்தாச்சி, ஆஸ்பத்திரிக்குப் போக இடம் கிடைக்காமல் அழுதுகொண்டிருந்தாள். லோசலினி தன் சீட்டை அவள் கையில் திணித்தாள். பதிலுக்கு அவள் ஒரு தென்னோலைக் கூடையை இவள் கையில் திணித்தாள். அந்தச் சாக்கில் வீட்டுக்குச் சொல்லாமல் மீனவன் படகில் ஏறி இங்கே வந்துவிட்டாள்.

இப்போது தின்பது அந்தக் கூடையின் கடைசித் துண்டு.

படகு நெருங்கியது. எல்லோரும் கறுப்பு உடுத்தியிருந்தார்கள்.

துண்டை விழுங்கிவிட்டு எழுந்து நின்றாள். யார் செத்தது?

இடுப்பில் கட்டியிருந்த பாய்களைப் பார்த்தாள். சாவு வீட்டில், செத்தவருக்கு உறவில் மேலானவர்கள் நல்ல பாய் கட்டுவார்கள். கீழானவர்கள் கிழிந்த பழம்பாயை நெஞ்சுவரை சுற்றிக்கொள்வார்கள். பாயைப் பார்த்தே போனவர் யாரென்று சொல்லிவிடலாம்.

சேமிசிக்கு நெஞ்சுவரை பாய். ஓரமெல்லாம் கிழிசல்.

அம்மாவும் அப்பாவும் போய்ப் பல வருடமாகிறது. அண்ணியா? அண்ணி பின்னால் இருக்கிறாள். அவள் பாய் இன்னும் மோசம். பிள்ளைகளா? மூன்று பேரும் இருந்தார்கள். மறுபடி எண்ணினாள். மூன்றுதான்.

மூத்தவள் ஓஃபாவுக்கு இடுப்புவரை முடி. அது கழுத்தோடு வெட்டப்பட்டிருந்தது.

ஒரு பெண் அப்படித் தன் முடியைக் கொடுப்பது தகப்பனுக்கு. இல்லையென்றால் அத்தைக்கு.

தகப்பன் படகின் முனையில் நின்றுகொண்டிருந்தான்.

சேமிசிக்குத் தங்கை ஒருத்திதான்.

அண்ணியின் மடியிலிருந்த பூவளையம் சரிந்து தண்ணீரில் விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. ஓஃபா மட்டும் குதித்து ஓடிவந்தாள். பாதியில் பயந்து நின்றாள்.

“உன் உடம்பு கரை ஒதுங்கினா இங்கதான் ஒதுங்கும்னு அப்பா சொன்னாரு, அத்தை.”

கப்பல் முதல் ராத்திரியே கவிழ்ந்துவிட்டதாக விக்கி விக்கிச் சொன்னாள். ஒருத்தரும் தப்பவில்லை. பட்டியலில் அத்தை பெயர் இருந்தது.

சேமிசி மெல்ல நடந்து வந்தான். வயது வந்த நாளிலிருந்து அண்ணனும் தங்கையும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதில்லை, அது மரியாதை. அவன் மணலில் உட்கார்ந்து அவள் கணுக்காலைப் பிடித்தான். சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் வெகுநேரம் பிடித்திருந்தான்.

பிறகு தன் பாயை அவிழ்க்க முடிச்சில் கை வைத்தான்.

லோசலினி குனிந்து அந்தக் கையைத் தடுத்தாள். காலியான ஓலைக்கூடை அவளருகே கிடந்தது.

“அவுக்காதண்ணே. என் சீட்டுல போனவ பேரக்கூட நான் கேக்கல.”