சிம்லாவுக்கு ஒத்திகை

சந்திரமதி சிம்லாவுக்குப் போகிறாள் என்பது அந்தமான் போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் கைக்குழந்தைகளுக்கு மட்டும்தான் தெரியாது. விட்டால் அவற்றுக்கும் தாலாட்டில் சொல்லியிருப்பாள்.

அவள் கணவர் பக்தவத்சலம் சர்க்கார் ஆபீசில் ஹெட்கிளார்க். மேலதிகாரி சிம்லாக்காரர். மே மாசம் எங்கள் வீடு காலியாகத்தான் கிடக்கும், போய்த் தங்கிவிட்டு வா என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். பல வருஷமாக மெயின்லேண்ட் பக்கமே போகாத மனுஷர், சூட்டோடு சூடாக லீவு போட்டு மெட்ராஸ் கப்பலுக்கு டிக்கெட்டும் வாங்கிவிட்டார்.

போர்ட் பிளேரில் ஸ்வெட்டருக்கு எங்கே போவது? அறுபத்தேழாம் வருஷத்தில் இங்கே குளிர் என்றால் மழையில் நனைந்த பனியன்தான். சந்திரமதி கல்கத்தாக் கப்பலில் கம்பளி நூல் வரவழைத்து, தானே பின்ன உட்கார்ந்துவிட்டாள். சித்திரை வெயிலில் அவள் மடியில் கம்பளி கிடப்பதைப் பார்த்தாலே தெருவில் போகிறவர்களுக்கு வேர்த்தது. ஆனால் கை என்ன வேகம்! எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், எங்கள் ஊரில் எல்லோரும் பின்னுவார்கள் என்பாள். கோயமுத்தூர்ப் பக்கம் அவளுக்கு.

பக்கத்து வீட்டு ஜைனபுக்குத்தான் கஷ்டகாலம். ஒரு கண் போய்விட்டது. மற்றதும் மங்கிக்கொண்டு வந்தது. இந்த மாசத்துக்குள் மெட்ராஸில் ஆபரேஷன் செய்தால்தான் பார்வை மிஞ்சும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் புருஷன் உதுமான், மளிகைக் கடைக்காரர், கப்பல் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். இடமில்லை. வெயிட்டிங்கில் முதல் பேர் அவர்களுடையதுதான். ஆனால் யாராவது டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால்தானே? அடுத்த கப்பல் எப்போது என்று கடலுக்கே தெரியாது.

எதிர்வீட்டு ஜெயமணிக்கு வாய் சும்மா இருக்காது. சந்திரமதியிடம் கேட்டுப் பாரேன் என்று ஜைனபைத் தூண்டிப் பார்த்தாள்.

"அக்கா வருஷக்கணக்கா எங்கயும் போனதில்ல. அவங்க ஆசையப் பிடுங்கிட்டுத்தான் எனக்குக் கண்ணு வேணுமா? அவங்களா கொடுத்தாலும் வாங்கமாட்டேன்" என்று ஜைனப் முடித்துவிட்டாள்.

ஜெயமணி விடுவாளா? நேரே சந்திரமதியிடம் வந்து இதை அப்படியே ஒப்பித்துவிட்டு, நீயாவது மனசு வைக்கக்கூடாதா என்றாள்.

சந்திரமதி ஊசியை நிறுத்தவே இல்லை.

"எங்க டிக்கெட்டு எங்களுக்கு" என்றாள். "இந்தக் குல்லாவுக்கு உச்சியில குஞ்சம் வச்சா நல்லாயிருக்குமா, சொல்லு."

அன்றோடு தெருவில் யாரும் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கல்நெஞ்சுக்காரி என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பக்தவத்சலத்துக்கு வேறு கவலை. வாய்தான் சிம்லா என்றது, மனசு குளிரை நினைத்துப் பயந்தது. கப்பல் ஏறுவதற்குமுன் குளிருக்கு ஓர் ஒத்திகை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். மீனுக்கு ஐஸ் செய்கிற கம்பெனியில் வங்காளி மேனேஜர் ஒருவர் பழக்கம். ஐஸ் ரூமைத் திறந்துவிடச் சம்மதித்தார்.

வெயில் மண்டையைப் பிளக்க, புருஷனும் பெண்டாட்டியும் ஸ்வெட்டர், மப்ளர், குல்லா, காலுறை சகிதம் பஜார் வழியாக நடந்தார்கள். கடைக்காரர்கள் கல்லாவை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். பின்னாலேயே ஒரு கூட்டம். முதல் ஆள் ஜெயமணி.

பக்தவத்சலம் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார். ஐஸ் பாளத்தின்மேல் புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தார். மூக்கு மட்டும் சிவந்திருந்தது. "தண்டா ஒண்ணும் பிரமாதமில்ல" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்து சந்திரமதி. போன வேகத்தில் கதவைப் படபடவென்று தட்டினாள். வெளியே வந்தவளுக்குப் பல் தந்தியடித்தது. கைகால் வெடவெடவென்று ஆட, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, என்னால ஆகாது. அங்க போனா நான் பொணமாத்தான் திரும்புவேன். சிம்லாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

மேனேஜர் பதறிப்போய், பாபிக்கு, அதாவது அண்ணிக்கு, சுடச்சுட சாய் கொண்டுவரச் சொல்லி ஆளை விரட்டினார்.

பக்தவத்சலம் அவளையே பார்த்தார். குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நேரே கப்பல் ஆபீசுக்குப் போய் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தெருவுக்குத் தீபாவளிதான். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள், இவளுக்குக் கையோடு கூலி கொடுத்துவிட்டது என்று ஜெயமணி வீடு வீடாகச் சொன்னாள். கல்நெஞ்சுக்காரி போய் 'ஐஸ்பெட்டி' ஆனாள் சந்திரமதி. அந்த இடம் ஜைனபுக்கும் உதுமானுக்கும் கிடைத்தது. அல்லா கதவைத் திறந்துவிட்டான் என்று உதுமான் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார்.

கப்பல் புறப்படுகிற அன்று தெருவே கப்பல் துறையில் நின்றது. ஜைனப் சந்திரமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு ஆசைப்பட்டும் உங்களுக்கு இப்படி ஆகிவிட்டதே அக்கா என்று அழுதாள். சந்திரமதி குஞ்சம் வைத்த குல்லாவை அவள் தலையில் மாட்டிவிட்டாள். கப்பல் காற்றுக்கு ஆகும், எனக்கு இனி எதற்கு என்றாள். ஜெயமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜைனப் தடவித் தடவி ஏணியில் ஏறி மேல்தட்டில் போய் நின்றாள்.

பக்தவத்சலத்தால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. மனைவியின் பக்கம் குனிந்தார்.

"ஏண்டி, கோத்தகிரியில பொறந்து, மார்கழி உறைபனியில வெறுங்காலோட பள்ளிக்கூடம் போனவ நீ. உனக்கா ஐஸ் ரூம் குளிரு?"

"மெல்லப் பேசுங்க. ஏணிய இன்னும் எடுக்கல. காதுல விழுந்தா ஜைனபு இறங்கி வந்துடுவா."