கரையாத மருந்து

“பயப்படாத தம்பி. நீ முழிச்சுக்கிட்டுதான் இருக்கே. நான் பேசறது உனக்குக் கேக்குதுன்னு எனக்குத் தெரியும்.”

ஆபரேஷன் மேஜையில் கிடந்தவர் ஒரு டாக்ஸி டிரைவர். குடல்வாலை எடுத்து, தையல் போட்டு முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. இமை திறக்கவில்லை, விரல் அசையவில்லை. மூச்சைக்கூட மெஷின்தான் விட்டுக்கொண்டிருந்தது. திரையில் நாடித்துடிப்பு மட்டும் நூற்றி நாற்பதைத் தொட்டு நின்றது.

முகமூடி போட்டிருந்த அந்தப் பெண்மணி ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் காதருகே குனிந்தார்.

“உடம்பை அசையாம வைக்கற மருந்து ஒண்ணு உனக்குப் போட்டிருக்கு. அதைக் கரைக்க எல்லார் ரத்தத்துலயும் ஒரு என்சைம் உண்டு. மத்தவங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல கரைச்சுடும். உன் ரத்தத்துல இருக்கறது வேற ரகம், நிதானமாத்தான் வேலை பார்க்கும். பிறவியிலேயே அப்படி. நோயெல்லாம் இல்ல.”

“இவருக்கு எங்க கேக்கப்போகுது?” என்றார் சர்ஜன், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

“திரையைப் பாருங்க சார்,” என்றார் மயக்க மருந்து டாக்டர். நூற்றிப் பதினெட்டு. “இன்னும் தூக்க மருந்து ஏத்தினா பிரஷர் தாங்காது. அவங்க பேசட்டும்.”

அந்தப் பெண்மணி மறுபடி குனிந்தார். “உன் சம்சாரம் வெளியில நர்ஸைக் கேள்வி கேட்டே ஒரு வழி பண்ணிட்டா. அந்த நர்ஸ் பொண்ணு பாவம், அவளுக்காகவாவது சீக்கிரம் எழுந்திரு.”

நூற்றி ஐந்து.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி சொன்னார். தன் மருமகனின் குறட்டையைப் பற்றிச் சொன்னார். நடுவில் ஒரு பாட்டுகூடப் பாடினார், சகிக்கவில்லை. டிரைவரின் கையை மட்டும் விடவேயில்லை.

நாலு பத்துக்கு அந்தக் கையில் ஒரு விரல் லேசாக மடங்கியது.

அடுத்த அரை மணியில் தொண்டையிலிருந்த குழாயை எடுத்தார்கள். டிரைவருக்குக் குரல் கரகரத்தது. “நீங்க பேசலேன்னா பயத்துலயே போயிருப்பேன் டாக்டர்.”

“நல்லா இரு தம்பி,” என்று அவர் கன்னத்தைத் தட்டிவிட்டு, அந்தப் பெண்மணி அவசரமாக வெளியேறினார்.

“டாக்டர் நான்தாங்க,” என்றார் மயக்க மருந்து டாக்டர். “அவங்க மூணாவது மாடியைக் கூட்டித் துடைக்கறவங்க. போன வருஷம் இதே மேஜையில, உங்களை மாதிரியே மூணு மணி நேரம் முழிச்சுக்கிட்டுக் கிடந்தாங்க. அன்னிக்கு அவங்க காதுல ஒரு வார்த்தை பேசணும்னு இந்த ரூம்ல யாருக்கும் தோணல. எனக்கும்தான்.”